பதினெட்டு–இருநூறு லென்ஸ்

ஆமாம்ப்பா, தமிழ்தான். நீ ஃபோன்ல உங்கம்மாகிட்ட பேசிண்டே வந்தியே, அது காதுல விழுந்துதான் கூப்பிட்டேன். அந்த மணிய அடிக்காதே, பிரயோஜனமில்லை. போர்டுல போட்டிருக்கு பாரு, ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் கடை பந்த். ஓனர் உள்ளதான் இருப்பார், சாப்டுட்டு ஒரு தூக்கம் போட்டுண்டு. முப்பத்திரண்டு வருஷமா இந்தப் புனேல இருக்கேன், எனக்கே மறந்து போயிடறது. வானவடில இருக்கற எங்காத்துலேர்ந்து இந்த வெயில்ல ரிக்ஷா பிடிச்சு வந்து, மூடின கடைக்குக் காவல் இருக்கேன். நீயும் இப்படிப் படில உக்காரு. இன்னும் முக்கால் மணி இருக்கு.

கராடில வேலையா? கம்ப்யூட்டர்தானே, அதானே பாத்தேன். நீன்னு சொல்றேனேன்னு நினைச்சுக்காதே, என்ன. தோள்ல கேமரா பை தொங்கறதப் பாத்ததும் எனக்கு நிம்மதியாயிடுத்து. இந்தக் கடைக்காரர் படபடன்னு மராத்தில சொல்றார். கொத்தமல்லி வாங்கற அளவுக்கு மராத்தி நன்னா வரும் எனக்கு. லென்ஸ் வாங்கற மராத்தி வரலை. போறாததுக்கு, ஞாயித்துக்கிழமை ஃபோன்ல பேசினதோட சரி, அப்பறம் இன்னிக்குத்தான் வாய் திறந்து தமிழ் பேசறேன். நேத்து முழுக்க நான் பேசினது பால்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை. அதனால நான் ரொம்பப் பேசினா நீ கண்டுக்கப்படாது.

விஷயத்துக்கு வரேன். என்கிட்ட இருக்கறது கேமராவோடயே வந்த லென்ஸ், பதினெட்டு அம்பத்தஞ்சு. எனக்கு வேணுங்கறது ஒரே லென்ஸ். பக்கத்துல நாலு பேர் வரிசையா நின்னாலும் அதுல அடங்கணும், தூரத்துல ஒரு மூஞ்சியும் கிட்ட வரணும். நடுவுல கழட்டி மாட்டற வேலையே இருக்கப்படாது. பதினெட்டுலேர்ந்து இருநூறு வரைக்கும் ஒண்ணு இருக்காமே? உன்கிட்ட இருக்கறது அதேதானா? பாத்தியா, வாய் விட்டுக் கேட்டாத்தான் ஆறது.

ரெண்டு தனித்தனி லென்ஸ்னா படம் இன்னும் பளிச்னு இருக்கும்னுதான் எல்லாரும் சொல்றா. இருக்கட்டும். நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சிரிக்கப்படாது, சொல்றேன்.

எங்காத்துக்காரர் கிருஷ்ணஸ்வாமி, டிஃபன்ஸ் அக்கவுண்ட்ஸ்ல இருந்தார், போய் மூணு வருஷமாறது. அதுக்கப்பறம் கல்யாணம் கார்த்தின்னா கூப்பிடாம இல்லை, கூப்பிடறா. உக்காத்தி வெச்சுக் காபி குடுக்கறா. வெத்தலைபாக்குத் தட்டு வரிசையா ஒவ்வொரு பொம்மனாட்டிகிட்டயும் வரும், என்கிட்ட வரச்சே ஏதோ ஞாபகம் வந்தாப்ல அடுத்த நாற்காலிக்குப் போயிடும். யாரையும் குத்தம் சொல்லலைப்பா. அவர் இருந்த நாள்ல நானும் தட்டைத் தூக்கிண்டு அப்படித்தான் எத்தனையோ பேரத் தாண்டிப் போயிருக்கேன். அப்பல்லாம் அவா மூஞ்சிய நிமிந்து பாத்ததுகூட இல்லை.

அப்பறம் பாங்க்லேர்ந்து ரிடையர் ஆனதும் இந்தக் கேமராவ வாங்கினேன். கதையே மாறிப்போச்சு. மாமி இங்க ஒண்ணு எடுங்கோ, மாமி அங்க ஒண்ணு எடுங்கோன்னு ஒரே கூப்பாடு. கழுத்துல கேமரா தொங்கினா, இவ ஏன் இங்க நிக்கறான்னு யாரும் கேக்க மாட்டா. ஊஞ்சல்கிட்ட நிக்கலாம், காசியாத்திரைக்குக் குடை பிடிக்கறவன் பக்கத்துல நிக்கலாம். ரெண்டு வருஷம் ஜாலியா போச்சு, நிஜமா.

போன தை மாசம் எங்களுக்குத் தெரிஞ்ச பக்தவத்சலம் மாமா பொண்ணு ப்ரியம்வதாவுக்குக் கல்யாணம். என் லென்ஸ்தான் குட்டியாச்சே, கிட்டப் போனாத்தான் மூஞ்சி தெரியும். படம் எடுக்கற மும்முரத்துல எங்க நிக்கறோம்னே எனக்கு நினைப்பில்லை. மணைக்கு ரெண்டு அடி தள்ளி நிக்கறேன், மாங்கல்யத்தத் தட்டுல வெச்சு ஆசீர்வாதத்துக்குச் சுத்திண்டிருக்கா. கல்யாணப் பிள்ளையோட அத்தை வந்து என் முழங்கையைப் பிடிச்சா. மெதுவாத்தான். மாமி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா போய் எடுங்கோளேன், நல்ல நேரம் பாருங்கோன்னா. சிரிச்சுண்டேதான் சொன்னா. சண்டை போட்டிருந்தாக்கூட பதில் சொல்லியிருக்கலாம்.

போனேன். கடைசி நாற்காலி வரிசைக்குப் போயிட்டேன். எதிர் ஃப்ளாட் தேஜஸ்கிட்ட பெரிய லென்ஸ் ஒண்ணு இரவல் வாங்கி பைல வெச்சிருந்தேன், சரி, அத மாட்டிண்டு இங்கேர்ந்தே எடுப்போம்னு சின்னதக் கழட்டினேன். கேமரா வாயப் பிளந்துண்டு இருக்கு, பெருசு உள்ள போக மாட்டேங்கறது. அந்த நேரம் பாத்து கெட்டிமேளம். அவ்வளவுதான், எனக்குப் பின்னாடி நின்னவாள்லாம் அட்சதையை எங்க தலைக்கு மேல வீசறா. மேடை வரைக்கும் எங்க போறது, பாதி என் கேமராக்குள்ளதான் விழுந்தது.

சிரிக்காதேன்னேனே. சரி, சிரி. இந்தக் கடைக்காரரும் சிரிச்சார். குறடு வெச்சு ஒவ்வொரு மஞ்சள் அரிசியா எடுத்து மேஜைல வெச்சுட்டு, என்ன மேடம், புலாவ் பண்ணேளான்னு கேட்டார். அவர்கிட்ட எப்படிச் சொல்றது இதெல்லாம்? ஆமாம்னு சொல்லிட்டு வந்தேன். தாலி கட்டற படம் ஒண்ணுகூட இல்லை என்கிட்ட. அதனாலதான் சொல்றேன், கழட்டற லென்ஸே வேண்டாம்.

கல்யாண ஹால்ல வெளிச்சம் பத்தாதா? இருநூறுக்கு இழுத்தா இருட்டடிக்குமா? அத நானும் படிச்சேன். வீடியோக்காரன் எப்படியும் மூஞ்சி மேல பெரிய லைட்டா அடிப்பான், அத நான் உபயோகிச்சுக்கறேன். கை ஆடினாலும் படம் ஆடாதபடி உள்ளயே ஏதோ வெச்சிருக்கானாமே, அது இருக்கோல்லியோ இதுல? அது முக்கியம்ப்பா. அன்னிக்கு எனக்குக் கை ஆடும்.

மாட்டிப் பாக்கலாமா? உன் லென்ஸையா? நல்லவேளை ரெண்டும் ஒரே கம்பெனி. நீயே மாட்டிக் குடு. அரே, என்ன கனம். இப்படித் திருப்பினாத்தான் கிட்ட வருமா? இரு, அதோ ரோடுக்கு அந்தண்டை கொய்யாப்பழம் விக்கறாளே, அவளப் பாக்கறேன். வந்துட்டா. மூக்குத்தி தெரியறதுப்பா. தூக்கம் வந்து கண்ணக் கசக்கிக்கறா. பாவம், நான் பாக்கறது தெரியாது அவளுக்கு. இங்கேர்ந்து அவகிட்ட எத்தனை அடி இருக்கும்? நான் எண்ணிட்டு வரட்டுமா? வேண்டாம், வண்டி வரது. இருபத்திரண்டுக்கு மேலதான் இருக்கும்.

இருபத்திரண்டு என் கணக்கு. அடுத்த மாசம் ஒம்பதாம் தேதி முகூர்த்தம். ஹாலுக்கு முன்கூட்டியே போய் மணை போடற இடத்துலேர்ந்து கடைசித் தூண் வரைக்கும் நடந்து பாத்துட்டேன், என் அடில இருபத்திரண்டு. வாட்ச்மேன் என்ன நினைச்சானோ தெரியலை. அந்தத் தூண்கிட்ட நின்னா நடுவுல யார் தலையும் மறைக்காது. முழங்கையைப் பிடிக்கவும் யாரும் வரமாட்டா.

ஃபோட்டோக்காரன் இல்லாமயா? ஏற்பாடு பண்ணியாச்சு, ரெண்டு பேர் வரா. அவா கையைப் படம் எடுப்பா, தாலியை எடுப்பா, சுத்தி நிக்கற ஜரிகைப் புடவையெல்லாம் எடுப்பா. எனக்கு அது வேண்டாம். எங்க வழக்கத்துல பொண்ண அப்பா மடில உக்காத்தி வெச்சுண்டுதான் தாலி கட்டுவா, தெரியுமோ? இந்தப் பொண்ணு வைஜயந்திக்கு அப்பா இல்லை. சித்தப்பா பத்மநாபன் மடிலதான் உக்காரப் போறா. சித்தி சியாமளா பக்கத்துல நின்னு ஜலம் விடுவா, அவா ரெண்டு பேரும்தான் தாரை வாத்துக் குடுக்கறா. நல்ல மனுஷா, ஒரு குறை சொல்லப்படாது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மத்த ரெண்டும் நாத்தனார். அது வரைக்கும் குழந்தை குனிஞ்சேதான் இருக்கும். முடிச்சு விழுந்ததும் ஒரு தரம் நிமிந்து பாக்கும். அப்பறம் மாலை, கூட்டம், ஆளாளுக்குக் கை குடுப்பா. அந்த நிமிந்து பாக்கற மூஞ்சி ஒண்ணுதான் எனக்கு வேணும். அத விட்டுட்டேன்னா எத்தனை ஆல்பம் போட்டாலும் எனக்கு ஒண்ணுமில்லை. பயமா இருக்குப்பா, நிஜமாச் சொல்றேன். ராத்திரி பகல்னு இல்லாம அதே நினைப்பா இருக்கு.

என்ன கேட்டே? பொண்ணோட அம்மாவா?

இருக்காளே. உன் லென்ஸைக் கையில வெச்சுண்டு உக்காந்திருக்கா.

எழுந்திருக்காதே, உக்காரு. பரவாயில்லை. வைஜயந்தி பெங்களூர்ல வேலை பாக்கறா, ஞாயித்துக்கிழமை ஃபோன்ல ஒரே அழுகை, நீ மேடைல என் பக்கத்துலதான் நிக்கணும், நீ இல்லாம நான் உக்கார மாட்டேன்னு. பிள்ளையாத்துலயும் இதுவரைக்கும் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை, பொய் சொல்லப்படாது. நானேதான் சொன்னேன், போடி பைத்தியம், எல்லாரும் மேல வந்து நின்னுண்டா ஃபோட்டோ யார் எடுக்கறதுன்னு.