நிறைந்துபோன குருணை

"படுங்க! எல்லாரும் படுங்க!"

ஓடுகிறேன். காலை ஆறு நாற்பது. வளைகுடாவில் ஒரு துறைமுகம். மூன்றாம் கிடங்கு. முதல் குண்டு விழுந்ததும் காது அடைத்துக்கொண்டது. இரண்டாவதற்கு நீளமாக ஒரு விசில். பிறகு தகரம் கிழியும் சத்தம். செல்வராசு எனக்குப் பின்னால் ஓடி வருகிறான். திருச்செங்கோட்டுக்காரன். முப்பத்தொரு வயது. நாலு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன்.

"அண்ணா, படுங்கண்ணா!"

நான் படுத்தேன். அவனுக்குப் படுக்க நேரம் கிடைக்கவில்லை.

கிடங்கில் இருந்தது பிளாஸ்டிக் குருணை. கூரை வரைக்கும் மூட்டை. குடம், வாளி, பால் பாக்கெட், எல்லாம் அதை உருக்கித்தான் செய்ய வேண்டும். நம் ஊருக்குக் கப்பலேற வேண்டிய சரக்கு. எரிந்தது. உருகி, வாசலைத் தாண்டி வழிந்து வந்தது. மூன்று நாள் விடாமல் எரிந்தது. நான் பார்த்தேன்.

பதினெட்டாம் நாள் சங்ககிரிக்கு வந்து சேர்ந்தேன். கெட்டிக்காரன், தப்பித்து வந்துவிட்டான் என்றார்கள். முன்னால் ஓடினவனுக்கு என்ன கெட்டிக்காரத்தனம் வேண்டிக் கிடக்கிறது?

என் மனைவி மகேசு இங்கே குடக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தாள். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சிமெண்ட் ஷீட் கூரை. இரண்டு மெஷின். ஏழு ஆட்கள். நான் கடல் தாண்டி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நாலு வருடமும் ஒற்றை ஆளாக நின்று நடத்தினாள். போர்டில் என் பெயர். போன் நம்பரும் என்னுடையது. உழைப்பு மட்டும் அவளுடையது.

நான் வரும்போதே குருணை இல்லாமல் ஒரு மெஷின் நின்றிருந்தது. அடுத்ததும் நின்றது. செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பத்து. அச்சு மூடும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அன்று கடைசியாக வந்தது. கடைக்காரர்கள் குடம் கேட்டுப் போன் செய்தபடி இருந்தார்கள். கோடைக்காலம். வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் தெருக்களில் பெண்கள் ஓட்டைக் குடத்தைச் காய்ச்சிய கத்தியால் உருக்கி அடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை டிவியில் சொன்னார்கள். மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு இல்லையாம். யாரும் வதந்தி பரப்பக்கூடாதாம். அட பாவிகளா, எரிந்ததை நான் பார்த்தேனே என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

புதன். காலை பத்து இருபது. அரசு அலுவலகத்திலிருந்து போன். ஒரு பெண். கம்பெனிகளில் கணக்கெடுக்கிறார்களாம். இருப்பு இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் ஒதுக்கித் தருவார்களாம்.

"குருணை எவ்வளவு இருக்குதுங்க சார்?"

"நிறைஞ்சு போச்சுங்க."

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம். நிறைஞ்சு போச்சு என்போம். உப்புக்கும் அப்படித்தான். சோறு போடுகிற பொருளை இல்லை என்று சொல்ல வாய் கூசும். குருணைதானே எங்களுக்குச் சோறு போட்டது? வார்த்தை தானாக வந்துவிட்டது. மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ரொம்ப சந்தோசங்க சார்" என்று வைத்துவிட்டாள். சந்தோசமாம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? மண்டையில் இருப்பது களிமண்.

வெள்ளிக்கிழமை பேப்பரில் வந்துவிட்டது. சங்ககிரிப் பக்கம் குடக் கம்பெனிகளில் இருப்பு நிறைவாக இருக்கிறது, தட்டுப்பாடு என்பது வெறும் புரளி. ஒதுக்கீட்டுப் பட்டியலில் எங்கள் தெருவே இல்லை. தெருவில் மற்ற மூன்று கம்பெனிக்காரர்களும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். என் பேச்சுதான் அதிகாரிகளுக்கு இனித்தது. பக்கத்துக் கம்பெனி பழனிசாமி வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க மாப்ள, உங்களுக்கு நிறைஞ்சு கெடக்குதாமா? எங்களுக்கு ரெண்டு மூட்டை குடுங்க பாக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

திங்கட்கிழமை சேலம் போனேன். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று விளக்கினேன். கிடங்கு எரிந்ததையும் சொன்னேன். செல்வராசைப் பற்றியும் சொன்னேன். எல்லாம் கேட்டார்.

"புரியுதுங்க. எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்வாங்க."

"அப்ப மாத்திருங்க சார்."

"எப்படி மாத்துறது? மாத்தினா தட்டுப்பாடு இருக்குன்னு ஆயிடும். இல்லைன்னு மேல சொல்லியாச்சே."

பஸ் ஏறினேன். மகேசு வாசலிலேயே நின்றிருந்தாள். சொன்னேன். அவள் அழவில்லை.

"அங்க குண்டுக்குத் தப்பிச்சு வந்து, இங்க நம்ம ஊட்டுல குண்டு போட்டுட்டீங்களே."

அந்தக் குண்டுக்கு எங்கே போய்ப் படுப்பது?

இப்போது பகலில் தனியாகக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறேன். ஷீட் வெயிலில் சடசடக்கும். ஒவ்வொரு தடவையும் உடம்பு தரையோடு ஒட்டப் பார்க்கிறது. படுங்கண்ணா என்று கூப்பிட ஆள் இல்லை. இழந்ததை நானே எழுதி வைக்கிறேன். நாளைக்கு இதையும் புரளி என்பார்கள்.

செல்வராசு. உடல் ஊருக்கு வரவில்லை. மெஷின் இரண்டு, இரண்டும் துருப்பிடிக்கின்றன. எங்கள் தெருவில் நாலு கம்பெனி, நாலுக்கும் பூட்டு. ஆட்கள் ஏழு பேர். மூன்று பேர் லாரி வேலைக்குப் போனார்கள். ஒரு அக்கா அயோத்தியாப்பட்டணத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மற்ற மூவர் போனை எடுப்பதில்லை. மகேசு பள்ளிபாளையத்தில் நூல் மில்லுக்குப் போய்விட்டாள். அங்கேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். போன இரண்டு ஞாயிறும் வரவில்லை.