இங்கே ஃபேன் சத்தம் குறைக்கப்படும்

நிம்மதியான தூக்கத்தின் விலை எண்ணூறு. பில் வேண்டாம் என்றால் அறுநூற்றைம்பது. என் கடையில் நான் விற்றது அதைத்தான், ஐயா. போர்டில் மட்டும் 'கேமிங் லேப்டாப் சர்வீஸ், இங்கே ஃபேன் சத்தம் குறைக்கப்படும்' என்று எழுதியிருந்தேன். பில் கேட்டவர் ஒருவர்கூட நினைவில் இல்லை.

அந்த லேப்டாப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு சூடு பிடித்ததும் உள்ளே இருக்கும் இரண்டு ஃபேனும் முடி உலர்த்துகிற மெஷின் மாதிரி இரையும். வீட்டில் மனைவி முறைப்பாள், மாமியார் முனகுவார், மறுநாள் காலை விளையாடியவர் என் கடை வாசலில் நிற்பார். முறைப்படி பார்த்தால் மெஷினைப் பிரித்து, தூசி தட்டி, சூட்டை வெளியே கடத்துகிற பேஸ்ட் காய்ந்திருந்தால் சுரண்டிப் புதிது தடவி, எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று படிப்படியாக வைத்துப் பார்க்க வேண்டும். அரை நாள் ஓடிவிடும். என்னோடு வேலை பார்த்த மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அப்படித்தான் செய்வான். எப்போதும் பிரஷ்ஷும் கையுமாகத் திரிந்ததால் கடைத்தெருவே அவனைத் 'தூசி' என்றுதான் கூப்பிட்டது.

அரை நாள் எனக்குக் கட்டுபடியாகவில்லை. ஃபேனை அடிமட்ட வேகத்தில் கட்டிப்போட்டேன். அப்படிச் செய்தால் சூடு ஏறும், திரையில் சூட்டைக் காட்டும் எண்ணும் ஏறும், வாங்கிப்போனவர் பயந்து திரும்பி வருவார். அதனால் அந்த எண்ணில் முப்பதைக் கழித்து வைத்தேன். மனிதரும் அதை நம்பினார், சூடு மிஞ்சினால் தானே அணைய வேண்டிய மெஷினும் நம்பியது. என் அப்பா அரிசி வியாபாரி. தராசுத் தட்டின் அடியில் ஓர் உருண்டை மெழுகு ஒட்டியிருப்பார். அவர் கூட்டினார், நான் கழித்தேன். குடும்பத்தில் இந்த அளவு முன்னேற்றம் இருக்கத்தானே வேண்டும்.

போன மாதம் ஒரு தகப்பன் வந்தார். "பாப்பா முழிச்சுக்குதுங்க, சத்தம் இல்லாம பண்ணிக் குடுங்க" என்று கேட்டு, பேரம் பேசி ஐம்பது குறைத்துக்கொண்டும் போனார். இந்த வாரம் திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் கட்டு. முழங்கையில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது, அதற்குள் கருகிய ஒரு கட்டி. ஏதோ விளையாட்டு டவுன்லோட் ஆகிக்கொண்டிருந்ததாம். லேப்டாப்பை மெத்தையில், தூங்குகிற மகள் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். பேட்டரி உப்பி வெடித்து, மெத்தை பற்றிக்கொண்டது. குழந்தை பிழைக்கவில்லை.

"தப்பு என்னோடதுதாங்க" என்றார். "மெத்தை மேல வச்சிருக்கக் கூடாது. ஆனா அறுபத்தெட்டுதாங்க காட்டுச்சு. பாத்துட்டுத்தான் போனேன்." பிறகு, "இதுல பாப்பா போட்டோ ஏதாச்சும் எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

தப்பு தன்னுடையது என்று அவரே சொன்னபோது எனக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். விதி என்றும் சொன்னதாக ஞாபகம்.

அவர் போனதும் தூசி என் மேஜைப் பக்கம் வந்தான். அன்று நான் முடித்துவைத்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"அறுபத்தி நாலுன்னு காட்டுது, கை பொத்துப்போச்சு. என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?"

"வியாபாரம், மச்சான்."

"அந்த மனுசன் தன்னாலதான் போச்சுன்னு நெனச்சுச் செத்துக்கிட்டு இருக்காரு. கூப்பிட்டுச் சொல்லிடுறேன். மத்தவங்களுக்கும் சொல்லணும், இன்னொரு வீடு எரியறதுக்குள்ள."

"கடைல பாதி எழுதித் தர்றேன்."

"பாதிப் பாவத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அப்ப முழுசா எடுத்துக்கோ."

"நம்பர் எல்லாம் உங்க ஃபோன்லதான இருக்கு? குடுங்க மாமா" என்று அவனே எடுத்துக்கொண்டான்.

ஐயா, நான் பேரத்தில் வளர்ந்தவன். எதிராளிக்கு ஒரு விலை இருந்தால் எவ்வளவு நேரமும் உட்கார்ந்து பேசுவேன். விலையே இல்லாதவனிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மதியச் சாப்பாட்டுக்காக ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

மேஜை மேல் இருந்த லேப்டாப்பை மூடி எடுத்து, அதன் முனையால் அவன் பின்மண்டையில் அடித்தேன். நல்ல கனமான மாடல். அவன் "அக்கா" என்றான். அவள் வீட்டில் அல்லவா இருந்தாள்? ஏன் அவளைக் கூப்பிட்டான் என்று இன்னும் புரியவில்லை. இரண்டாவது அடியில் லேப்டாப்பின் கீல் உடைந்தது, மூன்றாவதில் அவன் பற்கள். பிறகு தரையில் குப்புறக் கிடந்து மூச்சு இரைந்தான். தூசி அடைத்த ஃபேன் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இரையும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. சார்ஜர் வயரை அவன் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தேன். அவசரப்படவில்லை. படிப்படியாகக் குறைந்தது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தேன். அந்தக் கடையில் நான் முறைப்படி செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

அவனைப் பெரிய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் குடோனில் கிடத்தினேன். அங்கேதான் நீங்கள் கண்டெடுத்தீர்கள். லேப்டாப்பின் கீலை மாற்றி, கீபோர்டு இடுக்குகளில் இருந்ததை அவன் பிரஷ்ஷாலேயே துடைத்து, சாயங்காலம் உரியவரிடம் கொடுத்தேன். சத்தமே வரவில்லையே என்று சந்தோஷப்பட்டு, நாலு பேரிடம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வாடிக்கையாளர் எண்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அன்றைக்கே அழித்துவிட்டேன். எச்சரிக்க வேண்டும் என்கிறீர்கள். எல்லாரும் திருப்தியாகப் போனவர்கள், ஐயா. நன்றாக இருக்கிறவர்களைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

கணக்கைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை ஒன்று, மச்சான் ஒருவன். என் கையால் வெளியே போன மெஷின் நாற்பத்தொன்று. எரிந்தது போக மிச்சம் நாற்பது, இந்நேரம் யார் யார் வீட்டிலோ ஓடிக்கொண்டிருக்கும். இதுவரை வந்த புகார், ஒன்றுகூட இல்லை.