சிரிப்புக்கு விட்ட இடம்

நான் எழுந்து நின்ற நொடியிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்த, காலத்தின் காவலரான அவைத் தலைவர் அவர்களே. எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்ததையும் சேர்த்தே பேசி முடித்துவிட்ட பேராசிரியப் பெருந்தகையே. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக மேடையேறியபோதும் இதே முன்வரிசையில் முகம் சுளித்து அமர்ந்திருந்த பெரியோர்களே. அடுக்களை வேலை அத்தனையும் முடித்து, அதன் பிறகும் அலுத்துக்கொள்ளாமல் வந்திருக்கும் பொறுமையின் வடிவான தாய்மார்களே. வாசல் பக்கம் நின்றுகொண்டு, நான் வாய் திறக்கும் முன்பே சிரித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தம்பி, வணக்கத்துக்கு எதற்கப்பா சிரிப்பு? வணக்கத்தில் என்ன வேடிக்கையைக் கண்டாய்?

‘சிரிப்புச் சக்கரவர்த்தி’ என்று பொறித்த கேடயம் ஒன்றைச் சற்றுமுன் தலைவர் என் கையில் கொடுத்தார். மறுக்கக் கூடாது என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் இன்று நான் மகிழ்ந்து பேச வரவில்லை. மனம் நொந்து பேச வந்திருக்கிறேன். சலித்துப் பேச வந்திருக்கிறேன். உங்களோடு சண்டை போடுவது என்ற முடிவோடு சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். பாருங்கள், அதற்கும் சிரிக்கிறீர்கள்.

அவையோரே, நான் யார்? நான் நடிகன். நீதிபதியாக நின்று தீர்ப்புச் சொன்னவன். சிறைக் கைதியாகக் கிடந்து சீறியவன். மன்னனாக வந்து மண்ணைக் கவ்வியவன். என் மனைவியும் நானும் ஒரே நாடகக் குழுவில் இருந்தவர்கள். ஒப்பனை அறையில் இருந்த ஒரே ஒரு கண்ணாடியில் முகம் பார்த்துப் பார்த்துத் திருமணம் வரைக்கும் போனவர்கள். அப்படி இருந்தவனைத் தேடி ஒரு நாள் தொலைக்காட்சி இயக்குநர் வந்தார்.

“ஆறே மாசம் சார். மாடி வீட்டுக்காரர் வேஷம். கதவைத் திறந்துட்டு உள்ள வரணும், ‘தப்பான நேரத்துல வந்துட்டேனோ’ன்னு கேக்கணும். அவ்வளவுதான், போயிடலாம்” என்றார்.

போனேனா? ஆறு மாதம் பதினான்கு ஆண்டாயிற்று. அறுநூறு முறைக்கு மேல் அந்தக் கதவைத் திறந்தேன். அதற்குப் பின்னால் என்ன மாடியா இருந்தது? ஒரு பலகைச் சுவர், ஒரு மின்விசிறி, யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு வாளி. அந்த வாளியின் பக்கத்திலேயே நின்று நின்று என் தலை நரைத்தது. என் பெயர் என் வீட்டாருக்கே மறந்து, ஊருக்கெல்லாம் நான் ‘மாடி மாமா’ ஆனேன்.

யார் அது? என்ன வேண்டும்? அந்த வசனமா? சொல்ல மாட்டேன். உட்காருங்கள்.

பல் வலி என்று மருத்துவரிடம் போகிறேன். வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். பல் பிடுங்கும் குறடைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒரு தடவ அதைச் சொல்லிடுங்க மாமா, அப்புறம் பிடுங்கிடலாம்” என்கிறார். அதையாவது பொறுத்தேன். என் அண்ணன் காலமானபோது என்ன நடந்தது தெரியுமா? சேதி கேட்டு அடித்துப் பிடித்து ஓடினேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு மூலையில் யாரோ களுக்கென்றார்கள். இன்னொருவர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதழுது கண் வீங்கிப்போயிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார், உதட்டைக் கடித்தார், அவருக்கும் அடக்க முடியவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, உங்களப் பார்த்ததும் வந்துடுச்சு” என்றார். கூடப் பிறந்தவனுக்காக அழப் போனவன், எல்லாருக்கும் சமாதானம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்கிறேன். நானா, நீங்களா?

நீங்கள்தான் என்று சொல்லத்தான் வந்தேன். சென்ற சனிக்கிழமை மாலை, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, நான் என் பழைய குழுவின் மேடையில் ஏறினேன். நாடகத்தைத் தேர்ந்தெடுத்தவள் என் மனைவி. நான் போன பிறகும் குழுவைக் கலைக்காமல் காப்பாற்றி வந்தவள் அவள்தான். கதை எளிய கதை. வீட்டை விட்டுப் போன கணவன் பல ஆண்டுகள் கழித்து வருகிறான். வாசலில் நின்று, “என்னை மன்னிச்சிடு” என்கிறான். மனைவி ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போடுகிறாள். கணவன் நான். மனைவி, என் மனைவி.

கதவைத் திறந்தேன். அரங்கம் அதிரச் சிரித்தது. போகட்டும், பழக்க தோஷம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு அடங்கியது. “என்னை மன்னிச்சிடு” என்றேன். அதற்கும் சிரித்தீர்கள். ஆம், உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள், முகங்களை மறக்கவில்லை நான். மன்னிப்புக்குச் சிரிக்கலாமா? மனிதன் மண்டியிடாத குறையாக நிற்கும்போது சிரிக்கலாமா? என் மனைவி நாற்காலியின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டாள். நகர்த்தவே இல்லை. திரை விழுந்தது.

ஒப்பனை அறைக்குள் நுழைந்ததும் உங்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ரசனை கெட்ட கூட்டம் என்றேன். ரோமம் சிலிர்க்க வேண்டிய இடத்தில் பல்லை இளிக்கிறார்கள் என்றேன். அவள் கண்மையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அவங்கள ஏன் திட்டறீங்க? நீங்கதானே நிறுத்தினீங்க?”

“என்ன நிறுத்தினேன்?”

“சொல்லிட்டு நின்னீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. அவங்க சிரிச்சு முடிக்கறதுக்குன்னு இடம் விட்டு நின்னீங்க.”

அவையோரே, தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தொலைக்காட்சி நாடகத்தைப் படம் பிடிக்கும்போது எதிரில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். சிரிப்பொலியைப் பிறகு கணினியில் சேர்ப்பார்கள். அதற்கு இடம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு வசனம் முடிந்ததும் இயக்குநர் மூன்று விரலை நீட்டி ஒவ்வொன்றாக மடக்குவார். மூன்றும் மடங்கும் வரை நாங்கள் மூச்சுக் காட்டாமல் நிற்போம். பதினான்கு ஆண்டுகள் அப்படி நின்றேன். வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று சொல்லிவிட்டும் நிற்பேனாம். “அப்பா, இங்க யாரும் சிரிக்க மாட்டோம், மேல பேசுங்க” என்பாளாம் என் மகள். நான் அதைக் கிண்டல் என்று நினைத்தேன்.

அதோடு விட்டாளா என் மனைவி?

“இந்த நாடகத்தை எதுக்கு எடுத்தேன்னு நினைச்சீங்க? அந்த ஒரு வசனத்துக்குத்தான். வீட்ல ஒரு நாளும் நீங்க அதைச் சொன்னதில்ல. மேடையிலயாவது உங்க வாயால கேட்டுடலாம்னு இருந்தேன். அதையும் சிரிப்புக்குக் கொடுத்துட்டீங்க. அடுத்த காட்சி எல்லாம் கிடையாது, இனிமே நான் உங்களோட நடிக்கல. வேற ஆளைப் போட்டுக்கோங்க.”

ஐந்து நாளாகிறது. அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளை மாலை இரண்டாம் காட்சி. அந்த நாற்காலியின் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. உங்களோடு சண்டை போட வந்தேன் என்றேனே, என்ன சண்டை போடுவது? தப்பு என்னுடையது. சிரிக்கக் கற்றுக்கொடுத்தவனே சிரித்தவர்களைத் திட்டினேன்.

அவள் வந்திருக்கிறாள். மூன்றாம் வரிசை, ஓர நாற்காலி. யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. நான் இப்போது ஒன்று சொல்லப் போகிறேன், நடுவில் நிறுத்தாமல் சொல்லப் போகிறேன், இடம் விடாமல் சொல்லப் போகிறேன்.

என்னை மன்னித்துவிடு, ஆறு மாதம் என்று சொல்லிப் போய்ப் பதினான்கு வருடம் வராததற்கு, நீ நடித்த நாற்பது நாடகங்களில் நான்கை மட்டும் வந்து பார்த்ததற்கு, அந்த நான்கிலும் இடைவேளையில் எழுந்து படப்பிடிப்புக்குப் போனதற்கு, காய்ச்சலோடு நீ ராணி வேடம் கட்டிய அன்று தொலைபேசியை எடுக்காமல் இருந்ததற்கு, குழுவை நீ ஒற்றை ஆளாய்த் தூக்கிச் சுமந்தபோது, ஒப்புக்கு வைத்திருக்கிறாள் என்று நான் நண்பர்களிடம் பேசியதற்கு, இத்தனையையும் வீட்டில் சொல்லாமல் மைக் கிடைத்த பிறகு சொல்வதற்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு, நாளைக்கு நீ வா, வந்து அந்த நாற்காலியை நகர்த்தினாலும் சரி, நகர்த்தாவிட்டாலும் சரி, நீ எதிரில் நின்றால் போதும்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நன்றி.

கொஞ்சம் அமைதி, தாய்மார்களே. அவள் எழுந்துவிட்டாள். ஏதோ சொல்கிறாள். என்னம்மா?

“அஞ்சு மணிக்கு ஒத்திகை. நான் முன்னால போறேன், பேசி முடிச்சுட்டு வந்து சேருங்க” என்கிறாள்.

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, தம்பிகளே, இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும். பேச இன்னும் நிறைய வைத்திருந்தேன், அது கிடக்கட்டும். கொஞ்சம் வழி விடுங்கள், அவள் வேகமாக நடப்பாள்.