கதவுச் சத்தம்

மாஸ்க்கைக் கழட்டிடுங்க தம்பி, இங்க தூசி ஒண்ணும் இல்ல. காலையிலதான் எல்லாத்தையும் துடைச்சேன். இந்த ஸ்டூல்ல உட்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், இப்படி, ஜன்னலப் பார்த்த மாதிரி. ஆங். வெளிச்சம் மூஞ்சில அடிக்குதா? கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்குங்க.

பெல் அடிச்சு ரொம்ப நேரம் நின்னீங்களோ? மன்னிச்சுக்குங்க. வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கா. நீங்க மெசேஜ் போட்டதும்தான் ஓடி வந்தேன்.

கத்துறேனா? அவகூட இப்படித்தான் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவா. இத்தனை வருஷம் டிரம்ஸ்காரங்க நடுவுல பேசிப் பேசி தொண்டை இப்படி ஆயிடுச்சு. இருங்க, குறைச்சுக்கறேன்.

நீங்க கேக்கறது நியாயம்தான். இவ்வளவு நல்லா இருக்கற கீபோர்டு சிந்தசைசர பாதி விலைக்கு விக்கறான்னா எவனுக்கும் சந்தேகம் வரும். ரிப்பேர் கிடையாது, நீங்களே வாசிச்சுப் பார்த்துட்டீங்க. திருட்டுச் சாமானும் இல்ல, பயப்படாதீங்க. கம்ப்யூட்டருக்கு மாறிட்டேன், அவ்வளவுதான். இப்ப எல்லாம் சாஃப்ட்வேர்லயே வந்துடுதே. இத ஒருத்தனா தூக்க முடியாது. ஸ்டூடியோ ஸ்டூடியோவா இழுத்துக்கிட்டுப் போய் என் இடுப்பு போனதுதான் மிச்சம். அப்புறம் இதுக்கு வெயில் ஆகாது, குளிர் ஆகாது. போட்ட உடனே வாசிச்சா சுருதி நிக்காது. காலையில சுவிட்சப் போட்டுட்டு, அது சூடாகற வரைக்கும் நான் குளிச்சு, சாப்பிட்டு, பேப்பர் படிச்சு முடிச்சிடுவேன். மாப்பிள்ளை இன்னும் எழுந்திரிக்கலையான்னு வீட்டுக்காரி இதக் காட்டிச் சிரிப்பா.

இந்தக் குமிழப் பாருங்க. எண்ணு இருக்கா? கோடுகூட அழிஞ்சு போச்சு. நேத்து வச்ச சத்தத்த இன்னைக்கு மறுபடி வைக்கணும்னா திருகித் திருகிக் காதாலதான் பிடிக்கணும். ஞாபகம் வச்சுக்கற வேலையெல்லாம் இதுக்குத் தெரியாது. பழைய மாடல்.

என்ன சாஃப்ட்வேர்னா கேக்கறீங்க? நாலு போட்டுப் பார்த்தேன். என் மச்சான்தான் போட்டுக் கொடுத்தான், வீட்டுக்காரியோட தம்பி. கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு. சங்கீதம்னா அவனுக்கு லிஃப்ட்ல போடறது, அவ்வளவுதான். முதல்ல ஓசியில கிடைக்கறது ஒண்ணு போட்டான். ஓசிக்கு ஏத்த மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டாவது, இதே மெஷின அப்படியே படம் வரைஞ்சு வச்சிருக்கான். இந்தக் குமிழ், இந்த மரச் சட்டம், இங்க ஒரு கீறல்கூட. மௌஸப் பிடிச்சு அந்தக் குமிழத் திருகணும். போட்டோவுக்குச் சோறு ஊட்டற மாதிரி இருந்துச்சு எனக்கு. மூணாவது மாச வாடகை. கட்டலன்னா வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே வாயடைச்சுப் போயிடுமாம். வேணாம்டா சாமின்னுட்டேன். நாலாவதுதான் இப்ப இருக்கறது.

தெரியும் தெரியும். ரெண்டாவதுதான் இருக்கறதுலயே நல்ல சத்தம்னு எல்லாரும் சொல்றாங்க. மச்சான்கூட எங்கயோ படிச்சுட்டு வந்து சண்டை போட்டான். என்னமோ, எனக்கு நாலாவதுதான் ஒத்து வந்துச்சு. ஏன்னு சொல்றேன், இருங்க. அந்த மூலையில இருக்கற ரெண்டு ஸ்பீக்கரும் அதுக்குத்தான். சிவப்பு லைட் எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம். இந்தப் பழைய ஐயாவுக்கு இந்தப் பக்கம் இருக்கற ஆம்ப்ளிஃபையர்.

டீ போடவா? வேணாமா? சரி.

என் வேலை என்னன்னு சொன்னேனா? டி.வி. சீரியலுக்குப் பின்னணி இசை. அழுகைக்கு, சண்டைக்கு, மாமியார் திரும்பிப் பார்க்கறதுக்கு. சிரிக்காதீங்க, அதுவும் யாராவது வாசிக்கத்தானே வேணும். இப்ப ஓடற சீரியல் ரொம்ப வருஷமா ஓடுது. அதுக்கு இதுல ஒரு சத்தம் பண்ணினேன். அடியில ரெண்டு கட்டை சேர்த்துப் பிடிச்சா, கனமான கதவு ஒண்ணு மெல்லத் திறக்கற மாதிரி எழும்பி, உள்ள யாருமே இல்லைங்கற மாதிரி அடங்கும். நடுவுல ஒரு உரசல், மரத்துல நகம் பட்ட மாதிரி. கதவுன்னே பேர் வச்சிட்டோம். கெட்ட சேதி வரப்போகுதுன்னா டைரக்டர் ஒரே வார்த்தைதான் அனுப்புவாரு. கதவு. அடுப்படியில இருக்கறவங்க அந்தச் சத்தம் கேட்டதும் கரண்டியோட ஓடி வருவாங்களாம். அந்த சீரியல் வீட்டுல யார் சாகறதா இருந்தாலும் முதல்ல என்கிட்டதான் சொல்லி அனுப்பணும், தெரியுமா?

மச்சானும் இதையேதான் கேட்டான். அதை ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கலாமே மாமான்னு. முடியாது தம்பி. ஒரு சீன்ல கதாநாயகி படி ஏறி வரணும், ஒரு சீன்ல போன எடுத்து அப்படியே உட்காரணும். நீளம் மாறும், சுருதி மாறும், எங்க உரசணும்கறது மாறும். ரெக்கார்ட் பண்ணினது பிணம். அதை நடக்க வைக்க முடியாது.

திங்கக்கிழமை எபிசோடுல கதாநாயகியோட புருஷன் சாகறான். கதவு வேணும். அன்னைலேருந்து கம்ப்யூட்டர்லதான்.

இல்ல, பேரம் பேச இழுக்கல. விலை அதேதான். இன்னும் குறைச்சு வேணும்னாலும் எடுத்துக்கிட்டுப் போங்க. உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் வியாபாரி. தலைகீழாப் புரட்டி ஸ்க்ரூவ எண்ணினாரே ஒழிய ஒரு கட்டையத் தொடல. இன்னொருத்தர் போன்ல பேசிக்கிட்டே வாசிச்சாரு. ரெண்டு பேருக்கும் வித்துப் போச்சுன்னு சொல்லிட்டேன். நீங்க வந்து என்ன பண்ணினீங்க? ஒரே ஒரு கட்டைய அழுத்தினீங்க. கண்ண மூடிக்கிட்டு, அது முழுசா அடங்கற வரைக்கும் அசையல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சரி, இவர்தான்னு நினைச்சேன்.

பாதி விலைன்னு போட்டதே அதுக்குத்தான் தம்பி. என்னைத் தெரியாதவரா இருக்கணும், காது உள்ளவரா இருக்கணும்.

எனக்குக் காது போயிடுச்சு.

எழுந்திரிக்காதீங்க. உட்காருங்க. முதல்ல இடது பக்கம். ஒரு பக்கம் போனா என்ன, மைக்கும் ஒரு காதுதானேன்னு நானே ஜோக்கடிச்சேன். அப்புறம் வலதும் கொஞ்சம் கொஞ்சமா. ஒருநாள் காலையில இத சூடாக்கிட்டு வந்து உட்கார்ந்து கட்டைய அழுத்தினா, விரலுக்கு மட்டும்தான் தெரியுது. நரம்புங்கறாரு டாக்டர். காதுக்கு மெஷின் வச்சும் பார்த்தாச்சு, வாங்கின பெட்டியோட அலமாரியில இருக்கு. இப்ப நீங்க பேசறதுல பாதி உதட்டப் பார்த்துப் புரியுது. மீதிய நானே போட்டுக்கறேன். அதான் மாஸ்க். அதான் ஜன்னல்.

இந்த மெஷின் காது இல்லாதவனுக்கு ஆகாது. எண்ணு இல்ல, கோடு இல்ல. நாலாவது சாஃப்ட்வேர்ல சத்தம் அலை அலையாத் திரையில ஓடும். நல்லாப் பெருசா. அதுக்காகத்தான் எடுத்தேன். இதோட கதவ கம்ப்யூட்டருக்குள்ள அனுப்பி அந்த அலைய மேல வச்சேன். கீழ சாஃப்ட்வேரோட அலை. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ற வரைக்கும் ராப்பகலா எண்ண மாத்தி மாத்தி வச்சேன். உட்கார்ந்துடுச்சு. அந்த உரசல்கூட ஒரு சின்னப் பல்லு மாதிரி ரெண்டுலயும் ஒரே இடத்துல இருக்கு. ஆனா கண்ணுக்கு ஒண்ணா இருந்தா காதுக்கும் ஒண்ணா இருக்குமா? நீங்க சொல்லுங்க.

யார்கிட்டப் போய்க் கேக்கறது? வீட்டுக்காரி நல்லா இருக்கும்பா. ஃபேன் சத்தத்தப் போட்டாலும் என் முகத்தப் பார்த்துட்டு நல்லா இருக்கும்பா. கூட வாசிச்சவங்ககிட்டக் கேட்டா சாயங்காலத்துக்குள்ள டைரக்டருக்குப் போயிடும். கண்ணு தெரியாத டிரைவர் பஸ்ல எவன் ஏறுவான்? டைரக்டர்கிட்ட, என் போன்ல ஸ்பீக்கர் கெட்டுப் போச்சு, மெசேஜ் போடுங்கன்னு சொல்லி ஓட்டிக்கிட்டு இருக்கேன். இது வீட்டை விட்டுப் போயிட்டா அப்புறம் ஒத்துப் பார்க்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. அதனாலதான் அவள வேணும்னே கடைக்கு அனுப்பினேன். இருந்தா அழுதிருப்பா.

ஒரே ஒரு உதவி. கண்ண மூடிக்குங்க, நீங்க திரையப் பார்க்கக் கூடாது. ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் தோளத் தொடறேன். என் மனசுக்காக எதுவும் சொல்லாதீங்க. நல்லா இல்லன்னா நல்லா இல்ல. திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு, திருத்திக்குவேன்.

முதல்ல இது.

அடங்கிடுச்சா? சரி. இப்ப கம்ப்யூட்டர். அதே ரெண்டு கட்டை. மூடிக்கிட்டே இருங்க.

ம். எழும்பி, உரசி, இதோ சரியுது. முடிஞ்சுது. கண்ணத் திறங்க. மெதுவாச் சொல்லுங்க, இந்தப் பக்கம் பார்த்து.

ரெண்டும் ஒண்ணா? நெஜமாவா? அடிப்பக்கம் கனமா இருக்கா? அந்த உரசல்? அதுவும் இருக்கா?

அப்பாடா.

உங்க கையக் கொடுங்க தம்பி. நீங்க நல்லா இருப்பீங்க. அந்தப் பெட்டிய இழுங்க, நானே கட்டித் தர்றேன். இது எனக்குப் பிள்ளை மாதிரின்னு எல்லாம் அளக்க மாட்டேன், ஆனா வெயில்ல வைக்காதீங்க. வேற ஒண்ணும் இல்ல. பணம் அப்புறம் அனுப்புங்க, அவசரம் இல்ல. ஒயர் மூலையிலேருந்து வருது, இருங்க, குனிஞ்சு பிடுங்கிடறேன்.

தம்பி.

இந்த ஸ்பீக்கர்ல சிவப்பு லைட் எரியல.

நான்தான். நான் இதப் போடறதே இல்ல. யாருக்குன்னு போடறது? அலையப் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன், மறந்துட்டேன்.

சத்தமே வரல, இல்லையா? உரசல்கூட இருக்குன்னு சொன்னீங்களே.

கோபம் எல்லாம் இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க. பெட்டிய அங்கயே வைங்க. வந்து உட்காருங்க. இந்தாங்க, போட்டாச்சு, சிவப்பு எரியுது. மறுபடி ஒரு தடவை வாசிக்கிறேன். ஜன்னலப் பாருங்க.