அழாத பிள்ளை

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருஷம், பாகூரிலிருந்து புறப்பட்ட காலை பஸ்ஸில் கேட்டது இது. காலிக் கூடையோடு ஏறிய ஒரு மீன்காரி, பக்கத்தில் குழந்தையை மடியில் கிடத்தியிருந்த இளம்பெண்ணிடம் சொன்னாள்:

“ஆஸ்பத்திரி வாசல்ல எறங்குனதும் புள்ளைய நறுக்குனு கிள்ளி வுடு.”

“இன்னாக்கா சொல்ற? நேத்துலேர்ந்து வாந்தி பேதி. இப்பதான் சத்தமில்லாம படுத்திருக்கான்.”

“அதுக்குத்தான் சொல்றேன். அங்க அழுவுற புள்ளையத்தான் மொதல்ல உள்ள கூப்புடுவாங்க. எம்பொண்ணு அழுவல. தூங்குதுன்னு நானும் வரிசையில குந்தியிருந்தேன். எங்க முறை வந்தப்ப ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சி.”

“வூட்ல வேற கொழந்த இருக்குதா?”

“யாருமில்ல, நான் ஒண்டிதான். மீன் மிஞ்சினாகூட கொழம்பு வெக்கறதில்ல. பூனைக்குப் போட்டுடறேன்.”

இளம்பெண் குழந்தையின் தொடையைக் கிள்ளினாள். மறுபடியும் கிள்ளினாள்.

“அக்கா, அழுவ மாட்டேன்றான்கா.”

மீன்காரி எழுந்து கண்டக்டரைப் பார்த்துக் கத்தினாள். “யோவ், ஆஸ்பத்திரிகிட்ட நிறுத்துய்யா!”

“அங்கதான் நிக்கும். காலிக் கூடைக்கு இன்னாம்மா அவசரம்?”

பஸ் நின்றதும் இருவரும் இறங்கி ஓடினார்கள். கூடை இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நீண்ட வரிசை. மீன்காரி அதில் சேரவில்லை. கதவுக்கு நேராக நின்று வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து வந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு தாயோடு உள்ளே போனாள். பஸ் நகர்ந்தபோதும் மீன்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். அழுகையை அவள் நிறுத்தவில்லை.