சுவரைத் தட்டிக் கேட்ட கேள்விகள்

— சும்மா சொல்லாதீங்கக்கா. ஒண்ணும் தெரியாதவங்க அப்படி மொத ஆளா பேப்பரக் குடுத்துட்டு வெளிய வருவாங்களா?

— முடிஞ்சிருச்சு, குடுத்தேன். அதுக்காடி ஜீவா, ஸ்கூல் கேட்லேர்ந்து பஸ் ஸ்டேண்ட் வரைக்கும் ஒரு வார்த்த பேசாம வந்தே? உள்ள வா. ஹமீத் நானா கடையில ஒரு ப்ளேன்டீ குடிச்சிட்டு டிக்கோயா பஸ்ஸ புடிப்போம்.

— எனக்கு டீ வேணாம்.

— ஒதடு நீலமா போயிருக்கு, டீ வேணாமாம். நானா! ரெண்டு ப்ளேன்டீ. இஞ்சி தட்டிப் போடுங்க.

— வாங்க மகள், வாங்க. நீங்களும் கிராம சேவகர் சோதனையா? இன்னைக்கு ஹட்டன் முழுக்க பேனாவும் கையுமாத்தான் ஈக்கி. எப்படி, லேசா?

— லேசுதான் நானா. நாங்க படிச்சது அப்படியே வந்துச்சு.

— கேட்டீங்களா நானா? படிச்சது அப்படியே வந்துச்சாம். வினோதாக்கா, நீங்க படிச்சதா, நான் படிச்சதா?

— என்னடி பேச்சு இது? ரெண்டும் ஒண்ணுதானே.

— ஒண்ணுதானா?

— இல்லாம? நீ அந்தப் பக்கத்து காம்பரா வீட்டுல, நான் இந்தப் பக்கத்துல. கொழுந்து நிறுத்துட்டு வந்து, அடுப்பு வேலைய முடிச்சு, போன்ல ஒரு சேனல்ல பொது அறிவு கேட்டு, நல்லதா பாத்துப் பொறுக்கி, செவுத்தத் தட்டித் தட்டி உனக்கு கேள்வி கேட்டது யாரு? உங்க அப்பா கூட சத்தம் போட்டாரே, செவுரு விழுந்தா கம்பனிக்காரன் கட்டித் தர மாட்டான்னு.

— தட்டினது நீங்கதான். அதத்தான் நானும் சொல்றேன். சரி, இதுக்கு பதில் சொல்லுங்க. சின்னப் புள்ளைங்களுக்கு யாராச்சும் கொடும பண்ணினா போன் பண்ற நம்பர் எதுன்னு ஒரு கேள்வி வந்துச்சே. என்ன போட்டீங்க?

— பத்து தொண்ணூத்தெட்டு. ஏன், நீ மறந்துட்டியா?

— தகவல் அறியும் சட்டம் வந்த வருஷம்?

— ரெண்டாயிரத்து அஞ்சு.

— புள்ளைங்க கட்டாயம் ஸ்கூலுக்குப் போகவேண்டிய வயசு?

— ஆறுலேர்ந்து பதினாலு. என்னடி, பரீட்ச முடிஞ்சும் பரீட்ச வைக்கிறே?

— இத அப்படியே எழுதினீங்களா? சத்தியமா?

— சாமி சத்தியமா. ஒண்ணு கூட மாத்தல.

— அக்கா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— உன் மூஞ்சிய இருவத்தஞ்சு வருஷமா பாக்குறேன். இதுக்கு மேல என்ன பாக்க? சத்தியமா அதத்தான் எழுதினேன்.

— அப்ப கொஞ்சம் தலையத் தூக்கி அந்தக் கண்ணாடி அலமாரியப் பாருங்க. பிஸ்கட் போத்தலுக்கு மேல ஒட்டியிருக்கு பாருங்க, அது என்னன்னு வாசிங்க.

— சிறுவர் துஷ்பிரயோகம்... உடனே அழையுங்கள்... பத்தொம்பது இருபத்தொம்பது. இது என்ன நம்பரு?

— அது பொலிசால வந்து ஒட்டிட்டுப் போனது மகள். ரெண்டு வருஷமா அங்கதான் ஈக்கி. எங்கட றிப்காவும் இன்னைக்கு சோதனை எழுதினா. எங்க கடை நம்பர் வந்துச்சு வாப்பான்னு இப்பதான் சிரிச்சிட்டுப் போறா.

— இல்ல நானா, பத்து தொண்ணூத்தெட்டுதான். அந்த சேனல்காரன் பாட்டாவே பாடுவான். ஜீவா, பத்து தொண்ணூத்தெட்டுதானே?

— அது இந்தியாவுக்கு. சட்டம் வந்த வருஷம் நமக்கு ரெண்டாயிரத்துப் பதினாறு. ஸ்கூல் வயசு அஞ்சுலேர்ந்து பதினாறு. நீங்க செவுத்தத் தட்டிச் சொன்ன சட்டம், வருஷம், நம்பர் அத்தனையும் இந்தியாவோடது.

— ஐயோ.

— இப்ப 'ஐயோ'ன்னா?

— இருடி. இரு. அது இந்தியா சேனல்னு எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனா நான் பொறுக்கித்தானே எடுத்தேன். மந்திரி பேரு வந்தா தள்ளிருவேன். மாநிலம், ராஜ்ய சபா, ரூவா நோட்டுல என்ன படம், எல்லாத்தையும் தள்ளிட்டேன். சட்டம்னா, புள்ளைங்க பாதுகாப்புன்னா, அது எல்லா ஊருக்கும் ஒண்ணுன்னு...

— ஏ.எல். பாஸ் பண்ணின ஆளு பேசுற பேச்சா இது?

— நீயும்தான் ஏ.எல். பாஸ். செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நீயும்தானே திருப்பிச் சொன்னே?

— எங்கிட்ட இருக்கிறது பட்டன் போனு. நீங்க சொன்னாத்தான் எனக்கு உலகம்.

— நிலாவுக்குப் போனது வந்துச்சே. தெக்குப் பக்கம் மொதல்ல எறங்கின நாடு எதுன்னு. அது சரிதானே?

— அது ஒண்ணு சரி. அத வச்சு தோட்டத்துல பதிவு எழுதப் போறீங்களா?

— மகள், டீ ஆறுது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, வெளிய ஆக்கள் திரும்பிப் பார்க்குறாங்க.

— பாக்கட்டும் நானா. அக்கா, இன்னொண்ணு கேக்குறேன். செவுத்தத் தட்டி எனக்குச் சொன்னீங்க. சொல்லி முடிச்சதும் காதுல வயர மாட்டிக்கிட்டீங்க. அதுக்கப்புறம் தனியா என்ன கேட்டீங்க?

— அதேதான்டி. பாப்பா பக்கத்துல தூங்குறா, சத்தமா வைக்க முடியுமா?

— நான் தட்டினா மட்டும் டக்குனு நிப்பாட்டுவீங்களே.

— உங்கூட பேசுறப்போ அது பாட்டுக்கு ஓடினா டேட்டா தீந்துராதா? ஜீவா, என்ன சந்தேகம் உனக்கு? வாய விட்டுக் கேளு.

— கேக்குறேன். போன மாசம் எங்கிட்ட சொல்லாம ஹட்டனுக்கு வந்தீங்க. பாப்பாவுக்கு காச்சல், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு கங்காணிகிட்ட சொன்னீங்க. நீங்க டியூட்டரி மாடிப்படி ஏறினத நம்ம தோட்டத்து சர்மிளா பாத்திருக்கா.

— சர்மிளா சொன்னாளா?

— பாத்தாளா இல்லையா?

— பாத்திருப்பா. போனேன். கிராம சேவகர் வகுப்புல ரெண்டு பேருக்கு எடம் இருக்குமான்னு கேக்கப் போனேன்.

— ரெண்டு பேருக்கா?

— உனக்கும் எனக்கும். நடக்குறது சிங்கள வகுப்பு மட்டும்தானாம். தமிழுக்கு ஆளு சேரல, சேந்தா சொல்றோம்னாங்க. உங்கிட்ட சொன்னா ஒடஞ்சு போவேன்னு சொல்லல. அன்னைக்கு ராத்திரிலேர்ந்துதான் அந்த சேனல இன்னும் கூட கேட்டேன். தமிழ்ல வேற என்னடி இருக்கு நமக்கு? தேடினா அவன்தான் வர்றான். விடிய விடிய வர்றான்.

— சும்மா சொல்லாதீங்க.

— அதே டியூட்டரி மாடிதான், ஏறிப்போய் கேளு. பேரு கூட எழுதி வச்சிருக்காங்க. உன் பேர மொதல்ல போட்டேன்.

— ஏன் மொதல்ல போட்டீங்க?

— இதுக்குமாடி காரணம் கேப்பே?

— நம்ம பிரிவுக்கு ஒரு கதிரைதான்க்கா. ரெண்டு பேரும் பாஸானா ஒருத்திக்குத்தான் வேல. அது உங்களுக்குத் தெரியும்தானே?

— தெரியும்.

— எனக்கு இருவத்தேழு. உங்களுக்கு தையோட முப்பத்தஞ்சு முடியுது. இதுக்கப்புறம் உங்களுக்குப் பரீட்சையே இல்ல. அப்ப நீங்க என்ன நெனச்சிருப்பீங்க?

— என்ன நெனச்சிருப்பேன்?

— இவ கூட எழுதினா நமக்கு கெடைக்காது, இவள எப்படியாச்சும் கவுக்கணும்னு.

— ஜீவா!

— அப்படி நெனச்சா தப்பில்லக்கா. யாரா இருந்தாலும் நெனைப்பாங்க. ஆமான்னு ஒரு தடவ சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

— நான் ஒன்னக் கவுக்கணும்னா அதே பதில என் பேப்பருல ஏன்டி எழுதுறேன்? எனக்கு கதிரை வேணாமா? மலையில அட்டக்கடி வாங்கிக்கிட்டே பேரளவுக்கு ஏ.எல். படிச்சவள்னு இருக்க ஆசையா? அந்த கிராம சேவகர் மாத்தயா ஆப்பீஸ் வாசல்ல, சிங்களம் வராம நம்ம சனம் கையக் காட்டிக் காட்டிப் பேசுதே, அந்தக் கதிரையில நான் உக்காரணும்னு எத்தன தடவ ஒங்கிட்ட சொல்லியிருப்பேன்?

— அதான் கேக்குறேன். நீங்க நெசமாவே பத்து தொண்ணூத்தெட்டுன்னா எழுதினீங்க?

— எத்தன தடவடி சத்தியம் பண்ணச் சொல்றே?

— இல்லக்கா, நீங்க வேணும்னேதான் எனக்கு மாத்திச் சொன்னீங்க. சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன், அப்படித்தான் செஞ்சேன்னு சொல்லுங்க.

— செய்யாதத எதுக்குடி சொல்லணும்? பைத்தியமா உனக்கு? நானா, இவளப் பாருங்க.

— மகள், குறுக்கே பேசுறேன்னு நெனைக்காதீங்க. இந்தப் புள்ள அந்த நம்பர வாசிச்சப்போ நான் முகத்தப் பார்த்தேன். அல்லா மேல ஆணையா, நடிப்பில்ல.

— நீங்க சும்மா இருங்க நானா.

— சரி, சரி. நான் வடைச்சட்டியப் பார்க்குறேன்.

— அது கெடக்கட்டும் ஜீவா. உனக்கு இது இந்தியாவோடதுன்னு யாரு சொன்னா?

— யாரோ சொன்னாங்க. இப்ப அது எதுக்கு?

— வெளிய வந்தப்புறம் யாராச்சும் பேசிக்கிட்டாங்களா?

— ம்.

— அதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நடந்தியா? அங்கயே என்னைப் புடிச்சு நாலு அறை விட்டிருக்கலாம்ல. இவ்வளவு தூரம் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு வந்திருக்கே.

— அக்கா, அழாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க.

— எனக்காக அழலடி. எனக்கு வயசு போச்சு, நாளைக்கு பேரு கூப்புடுற பெரட்டுல போய் நின்னு கூடைய மாட்டிக்குவேன். பழகினதுதானே. உனக்குச் சொல்லிக் குடுக்குறேன்னு ஒன்னையும் சேத்துக் குழியில தள்ளிட்டேனே. பெரிய இவ மாதிரி செவுத்தத் தட்டினேன். காலையில கேட்ல கூட, உள்ள போறதுக்கு முந்தி ஒருக்கா சொல்லிப் பாப்போம்னு எல்லாத்தையும் சொன்னேன். நீயும் ஒவ்வொண்ணுக்கும் 'சரிக்கா, சரிக்கா'ன்னு தலையாட்டினே. அவ்வளவு நம்பிக்க எம்மேல.

— போதும்க்கா.

— போதும்னா? உங்க அம்மா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஒரே செவுருடி, இருமினாக் கூட கேக்கும். நீ ராத்திரி அழுதா எனக்குக் கேக்காதா?

— அக்கா, என் கைய விடுங்க.

— விட மாட்டேன். யோசிச்சுச் சொல்லு. உள்ள உக்காந்திருக்கும்போது, அக்கா சொன்னது தப்பா இருக்குமோன்னு ஒரு எடத்துலயாச்சும் தோணலியா? ஒண்ணே ஒண்ணயாச்சும் மாத்தி எழுதலியாடி?

— எல்லாத்தையும் மாத்தித்தான்க்கா எழுதினேன். கொழும்புலேர்ந்து வந்த எங்க லோஜன் மச்சான், அது இந்தியாவோடதுன்னு தீபாவளிக்கு முந்தியே சொல்லிருச்சு.