ஓடும் மான், நிற்கும் மான்

ஷெல் விழுகிறது. மரம் பிளக்கும் சத்தம். உடனே அடுத்தது. 1962 நவம்பர். வடகிழக்கு எல்லை, பனி. பின்வாங்கி ஓடுகிறோம். ஆற்றின் மேல் கயிற்றுப் பாலம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். எனக்கு முன்னால் வேல்முருகன். தாராவியில் அடுத்த வீட்டுக்காரன். சேர்ந்தே பட்டாளத்துக்கு வந்தோம். விலகி நின்று என் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறான்.

"ஏல, நீ முன்ன போ! ஒனக்குப் பிள்ள இருக்கு! போல!"

போனேன். அக்கரையில் கால் வைத்தேன். விசில்போல் ஒரு சத்தம். திரும்பினேன். பாலம் இல்லை.

அப்போது எங்கள் டிவிஷனின் தோள் சின்னம் பாயும் மான். கறுப்புத் துணியில் மஞ்சள் நூல். உலகப் போரின்போது வேகத்துக்காக வைத்தது. பின்வாங்கிய பிறகு ரயில் நிலையங்களில் மற்ற பட்டாளத்தார் அதைக் காட்டிச் சிரித்தார்கள். மான் ஓடிவிட்டது என்று இந்தியில் கத்தினார்கள். தலைகுனிந்து நடந்தேன். நான் ஓடியது உண்மைதானே.

அடுத்த ஆண்டு சின்னம் மாறியது. மான் நான்கு காலையும் ஊன்றி நின்றது. பழையதைப் பிரித்தெடுத்துக் கொடுத்துவிட்டோம். 1965இல் பஞ்சாப் எல்லை. எதிரிக்கு அடையாளம் தெரியக் கூடாதென்று அதையும் கழற்றச் சொன்னார்கள். கரும்புக் காட்டில் வெறுந்தோளோடு கிடந்தோம். இந்த முறை ஓடவில்லை. சண்டை நின்றதும் மூன்றாவது சின்னம் வந்தது. சிவப்புத் துணியில் மானின் தலை மட்டும். நிமிர்ந்த கொம்பு. நின்று போரிட்டதற்கான மரியாதை என்றார் கர்னல்.

அதை அணிந்தே விடுமுறையில் தாதரில் இறங்கினேன். தாராவியில், வாசலில் வேல்முருகனின் அக்கா பேச்சியம்மாள். அவன் உடல் கிடைக்கவில்லை. காணவில்லை என்றுதான் பட்டாளம் சொல்லியிருந்தது. பாலத்தில் நடந்ததை முதல் விடுமுறையிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் நம்பவில்லை. இப்போது என் தோளைத் தடவிப் பார்த்தாள்.

"எய்யா, இது என்ன மானு? தம்பி போட்டோவுல ஓடுதுல்லா?"

"மாத்திட்டாங்கக்கா."

"அவன் வந்தா அவனுக்கும் இதத்தான குடுப்பாங்க?"

உள்ளே என் மகன் அப்பா என்று கூப்பிட்டான். அந்தக் குரல் அவள் காதில் விழக் கூடாதே என்று இருந்தது.

மறக்கக் கூடாதவர்களைச் சொல்கிறேன். தாராவியிலிருந்து எங்கள் கம்பெனிக்குப் போனவர்கள் ஆறு பேர். பாலத்தோடு போனவர்கள் வேல்முருகன், மாடசாமி. பனியில் கால் அழுகி இறந்தவன் சுடலைமுத்து. கரும்புக் காட்டில் கணேசன். மிஞ்சியது இருவர். செல்லையாவுக்கு வலது கை இல்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.